102-ஆம் (சிலோன்) ஸ்குவாட்ரன் விமானியின் சீருடையும் உடைமைகளும்: வாங்கும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: யார்க்ஷயர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நான் வடக்கு இங்கிலாந்தில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பணியாற்றிய 102-ஆம் ஸ்குவாட்ரனுக்கு ‘சிலோன்’ என்ற பெயர் சேர்க்கப்பட்டிருந்ததை அறிந்த நாளிலிருந்து அந்தப் பிரிவின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன். அவர்கள் 1942 முதல் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களோடு தங்கியிருந்த பாக்லிங்டன் தளம் என் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இன்று அங்கே கிளைடர்கள் பறக்கின்றன. ஓரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

அந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்த விமானி ஒருவரின் உடைமைகள் அண்மையில் இங்குள்ள ஏல நிறுவனம் ஒன்றுக்கு வந்துள்ளன. சார்ஜண்டாகப் பறக்கத் தொடங்கிய அவர் 1943 இறுதியில் அதிகாரியாகி, 1944 ஜனவரியில் ஜெர்மனி மீதான இரவுத் தாக்குதலுக்குச் சென்று திரும்பாமற்போனார். அவருடைய சகோதரரின் பேரப்பிள்ளைகள் விற்கிறார்கள். மார்பில் இறக்கைச் சின்னமும் மூன்று பதக்கங்களின் நாடாவும் தைத்த அதிகாரிச் சீருடைக் கோட்டு, சார்ஜண்ட் பட்டைகளுடைய பேட்டில்டிரஸ் (போர்க்காலப் பணிச்சீருடை) மேற்சட்டை, மடிப்புத் தொப்பி, பறப்புப் பதிவேடு, தாய்க்கு எழுதிய கடிதக்கட்டு, அட்டைப் பெட்டியில் பதக்கங்கள், சவரக்கத்தி, தலைமயிர்த் தூரிகை, சிகரெட் பெட்டி ஆகியவற்றோடு, ஆட்டுத்தோல் பறப்பு ஜாக்கெட்டும் ஆக்சிஜன் முகமூடி பொருத்திய தோல் தலையுறையும் பட்டியலில் உள்ளன. மொத்தமாக வாங்க யாரும் முன்வராவிட்டால் துணிகள், காகிதங்கள், பதக்கங்கள் என மூன்றாகப் பிரித்து ஏலம் விடப்போவதாகச் சொல்கிறார்கள்.

இவை அனைத்தும் ஒரே மனிதருடையவை என்பதை எப்படி உறுதிசெய்வது, வாங்கினால் எவ்வாறு பாதுகாப்பது என்ற இரண்டு கேள்விகளோடு, இறந்த ஒருவரின் கடிதங்களையும் சவரக்கத்தியையும் அந்நியனான நான் விலைகொடுத்து வாங்குவது முறையா என்ற மூன்றாவது கேள்வியும் என்னை உறுத்துகிறது. இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: லிங்கன் சேகரிப்பாளர்

ஐயா, முதலில் காகிதங்களைப் பாருங்கள். துணியை அதன் பிறகு பார்க்கலாம். பெயரில்லாத விமானப்படைக் கோட்டுகள் சந்தையில் ஏராளமாக உள்ளன. ஆனால் ஒரு விமானியின் பறப்புப் பதிவேடு உலகில் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பார்க்கும் எல்லாப் பொருள்களையும் அந்த ஒரு புத்தகத்தின் தேதிகளோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

விமானிகளுக்கு வழங்கப்பட்ட பதிவேட்டின் படிவ எண் 414. மற்றக் குழுவினருடையது 1767. எனவே அட்டையிலேயே முதல் சோதனை தொடங்கிவிடுகிறது. உள்ளே டைகர் மாத் போன்ற பயிற்சி விமானத்தில் தொடங்கி, இரட்டை எஞ்சின் விமானங்கள், செயல்முறைப் பயிற்சிப் பிரிவு, கனரக விமானங்களுக்கு மாற்றும் பிரிவு எனப் படிப்படியாக நகர்ந்து பாக்லிங்டனுக்கு வந்துசேரும் வரிசை இருக்க வேண்டும். இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதல்களைப் பச்சை மையிலும் எழுதுவது பொதுவழக்கம். மாத இறுதிக் கூட்டுத்தொகையின் கீழே மேலதிகாரிகள் கையொப்பமிட்டிருப்பார்கள். திரும்பாத விமானியின் கடைசிப் பதிவு அவர் கையெழுத்தில் இராது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: தளத்தில் யாரோ ஒருவர் அந்தப் பறப்பை எழுதி, விமானம் திரும்பவில்லை என்று முடித்திருப்பார். அந்த இறுதி வரி வேறு கையெழுத்தில் இருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. அவருடைய கையெழுத்திலேயே இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

அடுத்து, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏர் 27’ தொகுதியில் ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் உள்ளன, இணையத்திலேயே தரவிறக்கலாம். படிவம் 540 நாட்குறிப்புப் போன்றது. படிவம் 541-இல் ஒவ்வொரு பறப்பின் விமான எண், குழுவினர் ஏழு பேரின் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் ஆகியவை இருக்கும். பதிவேட்டின் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாக இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டிய வேலைதான். எனினும் போலிகள் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடுகின்றன. அதிகாரியாக உயர்த்தப்பட்டபோது அவருக்குப் புதிய சேவை எண் வழங்கப்பட்டிருக்கும் என்பதால் பழைய எண், புதிய எண் இரண்டையும் தேடுங்கள். புதிய எண்ணும் பதவி நடைமுறைக்கு வந்த தேதியும் அரசிதழான லண்டன் கெசட்டில் கிடைக்கும்.

இனிக் கோட்டு. அதிகாரிகள் சீருடையைத் தையற்கடையில் தாங்களே தைத்துக்கொண்டார்கள். உட்பையைத் திருப்பிப் பார்த்தால் கடையின் துணிச்சீட்டில் வாங்கியவர் பெயரும் தேதியும் மையால் எழுதப்பட்டிருப்பதுண்டு. அந்தத் தேதி அவர் அதிகாரியான காலத்தோடு பொருந்த வேண்டும். சார்ஜண்ட் மேற்சட்டையோ அரசு வழங்கியது. அதில் ஏர் மினிஸ்ட்ரி (விமானத்துறை அமைச்சகம்) முத்திரை, அளவுச் சீட்டு, தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றைத் தேடுங்கள். இறக்கைச் சின்னத்தின் கிரீடம் டியூடர் வடிவில் இருக்க வேண்டும். 1953-க்குப் பிறகு வந்தவற்றில் எட்வர்ட் கிரீடம் இருக்கும். முன்பு இந்த ஒரு அடையாளமே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் மன்னர் சார்லஸ் மீண்டும் டியூடர் வடிவத்தையே தேர்ந்துகொண்டதால், கிரீடத்தை மட்டும் நம்பிப் பழைமையைத் தீர்மானிக்க இனி முடியாது. சின்னத்தின் பின்புறத் தையல், நூலின் நிறம், சின்னத்துக்கடியில் துணி வெளிறாமல் இருக்கிறதா என்பனவற்றையும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பட்டியலில் எனக்கு உடன்பாடில்லாத இரண்டு இடங்களுக்கு வருகிறேன். முதலாவது, கோட்டின் மார்பிலுள்ள மூன்று நாடாக்கள். அவர் உயிரோடிருந்த காலத்தில் 1943-இல் அறிவிக்கப்பட்ட ‘1939–43 ஸ்டார்’ என்ற பதக்கத்தின் நாடாவை அணிந்திருக்க முடியும். அதுவே பின்னர் 1939–45 ஸ்டார் ஆனது. ஏர் குரூ யூரோப் ஸ்டார், வார் மெடல் ஆகியவையோ 1945-இல்தான் நிறுவப்பட்டன. 1944 ஜனவரியில் இறந்தவரின் கோட்டில் இளநீலமும் கறுப்பும் மஞ்சளும் கலந்த ஏர் குரூ யூரோப் நாடா இருந்தால், வேறொருவர் பிற்காலத்தில் அதைத் தைத்திருக்கிறார். துயரத்தில் குடும்பத்தினரே தைத்திருக்கலாம். விலையை உயர்த்த வியாபாரி தைத்திருக்கவும் கூடும். கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, ஆட்டுத்தோல் ஜாக்கெட்டும் தலையுறையும். பறப்பு உடைகள் அரசின் உடைமை. அன்றிரவு அவர் அணிந்து சென்றவை அவரோடு போயின. தளத்தில் எஞ்சியவை கிடங்குக்குத் திரும்பின. திரும்பாத விமானியின் வீட்டுக்கு அவை அனுப்பப்படுவது வழக்கமில்லை. முகமூடியின் வகையையும் பாருங்கள்: அது ‘எச்’ வகை எனில், பெரும்பாலும் போரின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் பயன்பட்டது, உங்கள் விமானியின் முகத்தில் அது இருந்திருக்க இயலாது.

பதக்கங்களைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியருக்கும் தென்னாப்பிரிக்கருக்கும் வழங்கியவற்றைப் போலன்றி, பிரித்தானியருக்கு வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பங்கேற்புப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. ஏர் குரூ யூரோப் ஸ்டாருக்கு நகல்கள் மிகுதி. ஆகவே முகவரி ஒட்டிய அஞ்சல் பெட்டியும் உள்ளிருந்த இரங்கல் சீட்டும் பதக்கங்களைவிட உங்களுக்கு முக்கியமானவை.

மறுமொழி 2: பினாங்கு வாசகி

இலங்கையிலிருந்து விமானங்களுக்காக அனுப்பப்பட்ட நிதியைப் போற்றும் வகையில் 102-க்கு அப்பெயர் கிடைத்ததைப் போல, எங்கள் பகுதியின் கொடைக்காக 97-ஆம் ஸ்குவாட்ரன் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ (பினாங்கும் அடங்கிய அன்றைய பிரித்தானியக் குடியேற்றம்) என்ற பெயரைப் பெற்றது. லங்காஸ்டர் விமானங்களை முதலில் பெற்ற பிரிவுகளுள் அதுவும் ஒன்று. சென்னை மாகாணத்தின் பெயரும் 79, 264 ஆகிய இரு போர்விமான ஸ்குவாட்ரன்களுக்கு இருந்தது. எனவே உங்கள் ஈடுபாட்டை நன்கு புரிந்துகொள்கிறேன், அண்ணா.

ஆயினும் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு சிவப்பு வரியிலும் ஒரு நகரத்தின் பெயர் இருக்கும். பாம்பர் கமாண்டின் ஏறத்தாழ 1,25,000 வான்குழுவினரில் 55,573 பேர் இறந்தார்கள் என்பதை நாம் மரியாதையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க்கில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தீயில் மாண்டார்கள் என்பதும் அதே பதிவேடுகளின் மறுபக்கம். நீங்கள் இச்சேகரிப்பை ஒழுங்குபடுத்தி விளக்கக் குறிப்புகள் எழுதும்போது, ஒவ்வொரு பறப்புக்கும் எதிரே அன்றிரவு அந்நகரில் நிகழ்ந்ததையும் எழுதுங்கள். தாய்க்குக் கடிதம் எழுதிய இளைஞரையும் கீழே இருந்தவர்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய சேகரிப்பே நேர்மையானது என்று நம்புகிறேன்.

மறுமொழி 3: துணிப் பாதுகாப்புப் பணியாளர், சென்னை

அருங்காட்சியகத் துணிகளைப் பேணும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு விடையளிக்கிறேன். வீட்டுக்கு வந்த நாளில் செய்யக்கூடாதவை பல. அவற்றுள் முதலாவது சலவை. கோட்டின் மடிப்பில் ஒட்டியிருக்கும் புழுதி, காலரின் வியர்வைக்கறை, பைக்குள் கிடக்கும் புகையிலைத் துகள் ஆகிய யாவும் அப்பொருளின் வரலாறே. உலர்சலவையும் வேண்டாம். பித்தளைப் பொத்தான்களை பிராசோ போன்ற உலோக மெருகூட்டி இட்டுத் துலக்காதீர்கள். அதன் எச்சம் துணியில் தங்கி வெள்ளையாகப் பூக்கும்.

கம்பளித் துணியின் பெரும்பகை பூச்சி. நம் வீடுகளில் பட்டுப்புடவைப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பழகிய கை இங்கேயும் அதையே தேடும், தயவுசெய்து போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தாக்கும், கையாளும் உங்களுக்கும் நல்லதன்று. அதற்குப் பதிலாக, துணியை அமிலமற்ற மென்தாளில் சுற்றிப் பாலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை இயன்றவரை வெளியேற்றி, காற்றுப் புகாமல் மூடி, −18 பாகை அல்லது அதற்கும் கீழான குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் பை அறை வெப்பத்துக்கு முழுமையாக வரும்வரை பிரிக்காதீர்கள். பிரித்தால் ஈரம் துணியில் படியும். இந்த முறை கம்பளிக்கும் பருத்திக்கும் ஏற்றது. பதக்கங்கள், ரப்பர், ஒளிப்படங்கள் ஆகியவற்றை உறைபெட்டியில் வைக்கக்கூடாது.

கோட்டைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் எடையே தோள்களைக் கிழிக்கும். அகலமான அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, கைகளுக்குள்ளும் மடிப்புகளிலும் மென்தாளை உருட்டி வைத்தால் மடிப்புக்கோடு விழாது. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. காட்சிக்கு வைப்பதாயின் 50 லக்ஸுக்கு மேல் ஒளி படவேண்டாம். விமானப்படையின் சாம்பல்நீலம் வெளிறினால் மீட்க வழியே இல்லை.

ஆட்டுத்தோல் ஜாக்கெட்டுக்கு எண்ணெயோ தோல் மெழுகோ பூசச் சொல்பவர்கள் பலர் இருப்பார்கள். கேட்காதீர்கள். பூசிய எண்ணெய் தோலுக்குள் கறுத்துத் தையலை அரிக்கும். ரப்பர் முகமூடியைத் துணியோடும் வெள்ளியோடும் சேர்த்து வைக்கக்கூடாது. அது சிதையும்போது வெளியேறும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுப்பாக்கும். சிகரெட் பெட்டி வெள்ளியாக இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.

பதிவேட்டுக்கும் கடிதங்களுக்கும் லாமினேஷன், செல்லோடேப் இரண்டுமே கேடு. சுத்தமான, உலர்ந்த கைகளால் காகிதத்தைத் தொடலாம். ஒளிப்படங்களுக்கும் உலோகத்துக்கும் நைட்ரைல் கையுறை அணியுங்கள். சிவப்பு மை ஒளியில் மங்கக்கூடியது என்பதால் பதிவேட்டைத் திறந்துவைத்துக் காட்சிப்படுத்த வேண்டாம். முழுவதையும் ஒருமுறை படமெடுத்துக்கொண்டு, பிறகு படங்களையே பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்: யார்க்ஷயர் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லிங்கன் அன்பர் சொன்னபடி ஏல நிறுவனத்தின் வழியாகக் குடும்பத்தினரிடம் கேட்டேன். நாடாக்களைத் தைத்தது அவருடைய தாய்தான் என்று அவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். பதக்கங்கள் அஞ்சலில் வந்தபோது உடன் இருந்த நாடாவிலிருந்தே வெட்டித் தைத்தாராம். ஜாக்கெட்டும் தலையுறையும் குடும்பத்திலிருந்து வந்தவையல்ல. முன்பு ஒரு கண்காட்சிக்காக அந்த வீட்டார் வெளியே வாங்கிச் சேர்த்தவை. கடிதக்கட்டுக்கிடையே தட்டச்சில் அடித்த ஒரு பட்டியலும் கிடைத்திருக்கிறது. தலைப்பில் கோல்ன்புரூக் என்ற ஊர்ப்பெயர் உள்ளது. இப்போது நாடாக்களைப் பிரித்தெடுப்பதா, ஜாக்கெட்டை விலக்கிவிட்டு வாங்குவதா என்று சொல்லுங்கள்.

மறுமொழி 4: லிங்கன் சேகரிப்பாளர்

ஐயா, உங்களுக்குக் கிடைத்திருப்பதில் மிக அரிய பொருள் அந்தத் தட்டச்சுப் பட்டியல்தான். விமானம் திரும்பாத மறுநாளே, அந்த மனிதரின் படுக்கையையும் பெட்டியையும் தளத்தின் சரிப்படுத்தல் குழு பார்வையிட்டு, அரசுப் பொருள்களைக் கிடங்குக்கு அனுப்பி, சொந்தப் பொருள்களைக் கணக்கெடுத்துக் கட்டும். குடும்பத்தினர் மனம் புண்படக்கூடிய கடிதங்களையும் படங்களையும் அந்தக் குழு விலக்கிவிடுவதும் உண்டு. பிறகு அவை லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரின் அருகே கோல்ன்புரூக்கில் இருந்த விமானப்படையின் மத்தியக் காப்பகத்துக்குப் போகும். அங்கிருந்துதான் உறவினருக்கு அனுப்பப்பட்டன. உரிமை கோரப்படாமல் அங்கே தங்கிவிட்ட பறப்புப் பதிவேடுகளில் ஒரு சிறு மாதிரித் தொகுப்பு நீங்கலாக மற்றவை 1960 வாக்கில் அழிக்கப்பட்டன. உங்கள் விமானியின் தாய் கேட்டு வாங்கிக்கொண்டதால்தான் இப்பதிவேடு இன்று இருக்கிறது.

ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரியையும் பொருள்களோடு ஒப்பிடுங்கள். அதில் தூரிகை, சவரக்கத்தி, சிகரெட் பெட்டி எனக் குறிக்கப்பட்டு, அவை மேசையில் இருக்குமானால், இதைவிட வலுவான சான்று வேறு கிடைக்காது. பட்டியலில் உள்ள ஏதேனும் இப்போது இல்லையெனில், அதையும் எழுதிவையுங்கள்.

நாடாக்களைப் பிரிக்கவே கூடாது. பதக்க விதிப்படி அவை அந்தக் கோட்டில் இருக்க நியாயமில்லை என்று நான் முன்பு எழுதினேன். தாய் தைத்தவை என்று தெரிந்தபின் அவை அந்தக் கோட்டின் பிரிக்கமுடியாத பகுதி ஆகிவிட்டன. பேரப்பிள்ளைகள் சொன்னதைத் தேதியிட்டு, அவர்கள் கையொப்பத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்த பிறகு இதைக் கேட்டுப் பெறுவது கடினம். குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்து பிரிந்துவிடுகின்றன.

ஜாக்கெட்டையும் தலையுறையையும் விட்டுவிடலாம். அவை அசலாகவே இருந்தாலும் வேறு யாரோ அணிந்தவை. விலையில் பெரும்பகுதியை அந்த ஜாக்கெட்டே விழுங்கும் என்பதால், அதை நீக்கி மற்றவற்றை ஒரே தொகுதியாகத் தரும்படி கேட்டால் உங்கள் கைக்கெட்டும் தொகையில் முடிய வாய்ப்புண்டு. இந்தச் சேகரிப்பில் பலர் செய்வது இதற்கு நேரெதிர்: கண்ணைக் கவரும் தோல் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு கடிதங்களை விட்டுவிடுவார்கள். கடிதங்கள் ஒருபுறமும் பதக்கங்கள் ஒருபுறமும் போய்ச் சேர்ந்தபின் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்க ஒருவரின் ஆயுளே போதாமற்போகும்.

மூன்றாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். குடும்பத்தில் வைத்துக்கொள்ள யாருமில்லாதபோது, பிரியாமல் காப்பவர் வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் பொருளை வாங்கியதாலேயே கடிதங்களை அச்சிடும் உரிமை வந்துவிடாது. பிரித்தானியச் சட்டப்படி, இத்தகைய வெளியிடப்படாத பழைய கடிதங்களின் பதிப்புரிமை 2039 முடியும்வரை எழுதியவரின் வாரிசுகளிடமே இருக்கும். அதற்கும் அதே தாளில் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள். 2018-இல் திறக்கப்பட்ட லிங்கனின் பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையம் இத்தகைய குடும்ப ஆவணங்களை ஸ்கேன் செய்து எண்ணிம ஆவணக் காப்பகத்தில் சேர்க்கிறது. மூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய இழப்புத் தரவுத்தளத்தில் உங்கள் விமானியின் பெயரோடு மற்ற ஆறு பேரின் பெயரும் இருக்கும். அந்த அறுவரின் குடும்பங்களில் யாரேனும் தேடிக்கொண்டிருந்தால், பதிவேடு எங்கே உள்ளது என்பது அவர்களுக்கும் அந்த வழியாகத் தெரியவரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 102-ஆம் ஸ்குவாட்ரன் என்று தேடத் தொடங்கினால் விமானம் விழுந்த இடத்தில் தோண்டியெடுத்த உலோகத்துண்டுகளையும் விற்க வருவார்கள். பிரித்தானியாவில் 1986-ஆம் ஆண்டின் இராணுவ எச்சப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி அத்தகைய இடங்களைத் தோண்டுவதும் எடுப்பதும் குற்றம். மனித எச்சங்கள் இன்னும் கிடக்கக்கூடிய இடங்கள் அவை. எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப்பாருங்கள். கல்லறை இருந்தால், அடக்க ஆவணங்களில் உறவினரின் முகவரியும் கல்லில் பொறிக்கக் குடும்பம் தேர்ந்த வரியும் கிடைக்கக்கூடும். கல்லறையே இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட வான்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் உள்ளன. அந்த முகவரியும் பதக்கப் பெட்டியின் முகவரியும் கடித உறைகளின் முகவரியும் ஒன்றாக இருந்தால் தயங்காமல் ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள். படிவம் 541-இன் 1943, 1944-ஆம் ஆண்டுப் பக்கங்களைத் தரவிறக்கியதும் இங்கே தெரிவியுங்கள். அக்காலத் தட்டச்சும் சுருக்கக் குறிகளும் புரியாத இடங்களில் வரிவரியாக உடனிருந்து படிக்க நான் அணியமாக உள்ளேன்.